காலுக்கேற்ற ஷூ, மூச்சுக்கேற்ற ஓட்டம்

மும்பையில் நம்மவர் வீட்டுக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது வாசலுக்கு வெளியே இருக்கும் செருப்பு ஸ்டாண்டு. பிள்ளைகளின் கறுப்புப் பள்ளிக்கூட ஷூ, அப்பாவின் ஆபீஸ் ஷூ, கோயிலுக்குப் போட்டுப் போகிற ரப்பர் செருப்பு, ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தாவின் தோல் செருப்பு. இத்தனைக்கும் கீழே, அடித்தட்டில், தூசி படிந்த ஒரு ஜோடி 'ஸ்போர்ட்ஸ் ஷூ' கிடக்கும். ஜனவரியில் மாரத்தான் நடந்த வாரத்தில் உற்சாகமாக வாங்கியது. மார்ச்சில் முழங்கால் வலித்தது. ஜூனில் மழை வந்தது. அதோடு சரி.

இந்த ஒரு ஜோடி ஷூவைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. இது வீணான நாலாயிரம் ரூபாய் பற்றிய கவலை மட்டும் அல்ல. நாற்பது வயதில் ஒரு முறை ஓடிப் பார்த்து, வலி கண்டு விட்டவர், 'இனி இதெல்லாம் நமக்கு ஒத்து வராது' என்று முடிவு கட்டிவிடுகிறார். பிறகு அவரை மைதானத்துக்கு அழைத்து வருவது லேசான காரியம் இல்லை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு குடியேறிவிட்ட இந்தக் காலத்தில், அந்த முடிவுக்கு நாம் கொடுக்கும் விலை பெரியது.

நம்மில் பலர் ஓடத் தெரியாதவர்கள் அல்லர். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஓடியவர்கள், கல்லூரியில் என்.சி.சி. அணிவகுப்பில் நின்றவர்கள், ஊர் மைதானத்தில் இருட்டும் வரை பந்தின் பின்னால் ஓடியவர்கள். வேலை கிடைத்து மும்பைக்கு வந்த பிறகு நாம் ஓடிய ஓட்டமெல்லாம் தாதர் பிளாட்பாரத்தில்தான். இருபது வருஷம் லோக்கல் வண்டியைப் பிடிக்க ஓடியதைத் தேகப் பயிற்சிக் கணக்கில் சேர்க்க முடியாது.

2004-ல் மும்பை மாரத்தான் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. ஒவ்வொரு ஜனவரியிலும் மரைன் டிரைவிலும் பெட்டர் ரோடு ஏற்றத்திலும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் ஓடுவதைப் பார்த்து, 'நாமும் ஓடலாமே' என்ற ஆசை நமக்கும் வருகிறது. நல்ல ஆசைதான். ஆனால் அந்த ஆசையோடு கடைக்குப் போகிறவர் இரண்டு தவறான நம்பிக்கைகளையும் கூடவே எடுத்துப் போகிறார். ஒன்று, விலை கூடிய ஷூ நம்மைக் காப்பாற்றும் என்பது. மற்றது, பழைய ஓட்டம் பழையபடியே உடனே வந்துவிடும் என்பது.

விலை அல்ல, பொருத்தம்

எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960-ல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கிய கதை பலருக்குத் தெரியும். அதைச் சொல்லி, 'ஷூவே வேண்டாம்' என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அவர் வெறுங்காலோடு ஓடியதற்குக் காரணம், அங்கே அவருக்குக் கிடைத்த ஷூ காலுக்குச் சரியாக அமையவில்லை என்பதுதான். வெறுங்காலோடு ஓடிப் பழக்கம் இருந்ததால் துணிந்து கழற்றி வைத்துவிட்டார். 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் ஓடி முடித்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1964 டோக்கியோவில் அதே பிகிலா காலுக்குப் பொருந்திய ஷூ அணிந்து ஓடினார். அதுவும் குடல்வால் அறுவை நடந்து சுமார் நாற்பது நாளில்! இந்த முறை 2 மணி 12 நிமிடம் 11 வினாடி, மறுபடியும் தங்கம். இதில் நமக்குள்ள பாடம் ஒன்றுதான். பொருந்தாத ஷூவைவிட வெறுங்கால் மேல். பொருந்திய ஷூ இரண்டையும்விட மேல்.

கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பாதத்தைப் பார்த்து, 'உங்களுக்குத் தட்டைப் பாதம், உங்களுக்கு வளைவு அதிகம், அதனால் இந்த ரகம்தான் வேண்டும்' என்று ஒரு விலையுயர்ந்த ஷூவைக் கையில் கொடுப்பார்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்க இராணுவம், விமானப் படை, மரைன் படை ஆகியவற்றின் பயிற்சி முகாம்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுக்கப்பட்டவர்களுக்கும், பார்க்காமல் ஒரே வகை ஷூ கொடுக்கப்பட்டவர்களுக்கும் காயம் ஏற்படுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2009, 2010-ஆம் ஆண்டுகளில் வெளியான அந்த ஆய்வுகள் கூறின. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இத்துறையில் உழைத்த பென்னோ நிக் என்ற அறிஞர் 2015-ல் இதையே வேறு வகையில் சொன்னார்: போட்டு ஓடிப் பார்க்கும்போது எது சுகமாக இருக்கிறதோ அதையே தேர்ந்தெடுங்கள் என்பது அவர் கருத்தின் சாரம். நீரிழிவால் கால் மரத்தவர்களும், காலில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்டே வாங்க வேண்டும்.

இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் விற்கும், உள்ளே கார்பன் தகடு வைத்த ஷூக்களும் இப்போது வந்திருக்கின்றன. 2019 அக்டோபரில் வியன்னாவில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் ஓடிக் காட்டினாரே, அவர் காலில் இருந்தது அந்த ரகம். அது அவர் வேகத்துக்கு. நாம் ஓடப் போவது மாடுங்கா ஃபைவ் கார்டன்ஸில், காலை ஆறு மணிக்கு, பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பும் வேகத்தில். நமக்கு அது வேண்டியதில்லை.

இந்தியக் கால்

பொருத்தம் என்று வரும்போது நமக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை முப்பரிமாணக் கருவி கொண்டு அளந்தது. இந்தியர்களின் பாதம், நாம் பின்பற்றி வரும் மேல்நாட்டு அளவுகளைவிட அகலம் கூடியது என்பது அதில் தெரிந்தது. அதனால் நாம் என்ன செய்கிறோம்? அகலம் போதவில்லை என்று ஒரு நம்பர் பெரியதாக வாங்கி, நாடாவை இறுக்கிக் கட்டிக்கொள்கிறோம். முன்னால் நீளம் மிஞ்சுகிறது, குதிகால் உள்ளே ஆடுகிறது, கொப்புளம் வருகிறது. பிறகு, 'ஓட்டம் ஒத்துக்கொள்ளவில்லை' என்கிறோம்!

கடைக்குப் போகும்போது இவற்றை மனத்தில் வைத்தால் போதும்:

மாலையில் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பின் பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும்.

ஓடும்போது போடும் காலுறையை எடுத்துப் போங்கள். இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நின்று பாருங்கள். பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரியது. பெரிய காலுக்கே வாங்க வேண்டும்.

நீண்ட விரலுக்கு முன்னால் கட்டை விரல் அகலம் இடம் இருக்கட்டும். பாதத்தின் அகலப் பகுதியைப் பக்கவாட்டில் எதுவும் பிடிக்கக் கூடாது. குதிகால் நழுவக் கூடாது. அகலம் போதாவிட்டால் நம்பரை ஏற்றாதீர்கள். அதே நம்பரில் அகல ரகம் உண்டா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் வேறு கம்பெனியைப் பாருங்கள்.

பழைய நம்பரை நம்ப வேண்டாம். வயது ஏற ஏறப் பாதமும் சற்று விரியும். கல்லூரியில் 7 போட்டவருக்கு இன்று 8 வேண்டியிருக்கலாம். ஒரு கம்பெனியின் 8 இன்னொன்றின் 8 ஆக இருப்பதும் இல்லை. யு.கே. நம்பரும் அமெரிக்க நம்பரும் வேறு வேறு. சென்டிமீட்டர் கணக்கில் போட்டிருப்பதைப் பார்ப்பதே நல்லது.

கடைக்குள்ளேயே பத்தடி ஓடிப் பாருங்கள். நாலு பேர் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். 'போடப் போடச் சரியாகிவிடும்' என்ற பேச்சு தோல் செருப்புக்குப் பொருந்தலாம். ஓடும் ஷூ முதல் நாளே சரியாக இருக்க வேண்டும்.

தள்ளுபடி விலையில் போன வருஷத்து மாடல் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் நடைபாதைக் கடையில் பெரிய கம்பெனிப் பெயர் போட்டு எண்ணூறு ரூபாய்க்கு விற்கும் ஷூவில் பெயர்தான் இருக்கும், அடியில் மெத்தென்ற நுரை இருக்காது. ஸ்டாண்டின் அடித்தட்டில் கிடக்கும் பழைய ஜோடியையும் நம்பி இறங்க வேண்டாம். போடாமலே இருந்தாலும் இந்த ஊர்க் காற்றின் ஈரத்தில் நுரை கெட்டியாகும், பசை விட்டு அடி பிளந்துகொள்ளும்.

நல்ல ஷூ ஒன்று 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். வாரம் மூன்று நாள், நாளுக்கு 4 கிலோமீட்டர் என்றால் வருஷத்துக்குச் சுமார் 600 கிலோமீட்டர், 150 நாள் ஓட்டம். நாலாயிரம் ரூபாய் ஷூவுக்கு ஒரு நாள் செலவு இருபத்தேழு ரூபாய். ஒரு வடா பாவ் விலைக்குப் பக்கம். வடா பாவைக் குறைத்தால் இரட்டை லாபம்.

மழைக் காலத்துக்கும் ஒரு வார்த்தை. நனைந்த ஷூவை வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ காய வைக்கக் கூடாது. உள்ளட்டையை எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, மின்விசிறிக்கு அடியில் வைத்தால் மறுநாளைக்கு ஆகிவிடும். மழையில் பேவர் பிளாக் கற்களில் பாசி பிடித்து வழுக்கும். அந்த நாட்களில் சொசைட்டி கட்டடத்தின் தரைத்தளத்தில் நடந்தால் போதும். சொசைட்டி வளாகத்தையே சுற்றிச் சுற்றி ஓடுகிறவர்கள் ஒரு நாள் இடமாகவும் மறுநாள் வலமாகவும் சுற்ற வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் திரும்பினால் ஒரு காலுக்கே பாரம் சேரும்.

பையப் பைய

இனி ஓட்டத்துக்கு வருவோம். ஓட்டத்துக்குத் திரும்பும்போது இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்றாவது வாரம் மூச்சு சீராக வருகிறது, உற்சாகம் பொங்குகிறது, தூரத்தை இரண்டு மடங்காக்குகிறோம். அடுத்த வாரம் முழங்காலின் முன்பக்கமோ, கணுக்காலின் பின் நாரோ, குதிகாலோ சொல்லிவிடுகிறது. பழி ஷூவின் மேல் விழுகிறது. 'பையப் பையத் தின்றால் பனையையும் தின்னலாம்' என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு தருகிறேன். வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதலில் 5 நிமிடம் நடை. பிறகு 1 நிமிடம் மெதுவான ஓட்டம், 2 நிமிடம் நடை; இப்படி எட்டு முறை. கடைசியில் 5 நிமிடம் நடை. மொத்தம் 34 நிமிடம். அதில் ஓட்டம் 8 நிமிடம்தான். சிரிப்பு வரும், ஆனால் இரண்டு வாரம் இதைத் தாண்டக் கூடாது. அடுத்த இரண்டு வாரம் 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்தால், இரண்டரை மூன்று மாதத்தில் இருபது நிமிடம் நிற்காமல் ஓடலாம். இடையில் ஊருக்குப் போய் இரண்டு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்தில் தொடங்காமல், இரண்டு படி இறங்கித் தொடங்க வேண்டும்.

வேகத்துக்கு அளவுகோல் கடிகாரம் அல்ல, வாய். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது சரியான வேகம். 'ஆமாம்', 'இல்லை' என்று மட்டும் பதில் வந்தால் வேகம் கூடிவிட்டது. நம்மவர்களுக்குப் பேச்சு ஒரு குறையே இல்லை. எனவே இந்த அளவுகோல் நமக்கு மிகவும் ஏற்றது.

மறுநாள் தொடை முழுக்க வலிப்பது இயல்பு; இரண்டு நாளில் போய்விடும். ஆனால் ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டும்படி வலித்து, ஓட ஓடக் கூடினால் நிறுத்திவிட வேண்டும். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லாமல் ஓடக் கூடாது. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இரத்த அழுத்தம், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள் தொடங்கும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது.

'ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும்' என்ற பயம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. 2017-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்தைக் கணக்கெடுத்தது. ஆரோக்கியத்துக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு அது இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடியவர்களில் 13.3 சதவீதம். ஓடாதவருக்கும் தேய்கிறது, அளவு மீறி ஓடுகிறவருக்கும் தேய்கிறது. நடுவில் இருப்பவரிடம்தான் குறைவாகக் காணப்படுகிறது. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

சர்க்கரையைப் பற்றி நம் வீடுகளில் விளக்க வேண்டியதில்லை. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, ஐ.சி.எம்.ஆர். ஆதரவோடு நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது மதிப்பிட்டது. நீரிழிவு உள்ளவர்கள் ஓடும் முன்னும் பின்னும் ஷூவின் உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். கால் மரத்திருந்தால் ஒரு சிறு கல் உறுத்துவது தெரியாமல் புண்ணாகிவிடும். இன்சுலின் போடுகிறவர்கள் சட்டைப் பையில் சர்க்கரையோ குளுகோஸோ வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுத் தலைவியின் ஷூ

இவ்வளவு சொன்னதைவிட முக்கியமாக நான் கருதுவது ஒன்று உண்டு. அந்தச் செருப்பு ஸ்டாண்டை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். கணவருக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ உண்டு. மகனுக்குக் கிரிக்கெட் ஷூ உண்டு. மகளுக்குப் பள்ளிக்கூடத்து வெள்ளை கான்வாஸ் உண்டு. வீட்டுத் தலைவிக்கு? செருப்புதான். மருத்துவர் நடக்கச் சொன்னால், மகன் போட்டு விட்ட ஷூவில் இரண்டு காலுறை போட்டுக்கொண்டு போகிறார். 'எனக்கு எதுக்கு அவ்வளவு காசு கொடுத்து?' என்ற கேள்வியை அவரே கேட்கிறார். நாமும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவிவிடுகிறோம்.

இது சிக்கனம் அல்ல. ஒருவர் கால் போட்டுப் பழகிய ஷூவின் நுரை அவர் மிதிக்கும் விதத்தில் அமுங்கி இருக்கும். அதில் இன்னொருவர் கால் வைத்தால் வலிக்கத்தான் செய்யும். பெண்களின் பாத அமைப்பும் வேறு. பொதுவாகக் குதிகால் குறுகியது. நாற்பத்தைந்துக்கு மேல் பெண்களுக்கு எலும்பு வலு குறையத் தொடங்குகிறது. எலும்பு வலுவாக இருக்கத் தன் பாரத்தைத் தாங்கி நடப்பதும் மெதுவாக ஓடுவதும் துணை செய்கின்றன. ஆக, வீட்டில் ஒருவருக்குத்தான் இந்த ஆண்டு ஷூ வாங்க முடியும் என்றால், அது அவருக்காக இருக்கட்டும். சல்வார் கமீஸோடும் ஓடலாம். சேலையோடு ஷூ போட்டு நடப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கும் காலம் மும்பையில் மலையேறிவிட்டது.

ஷூவோடு சேர்த்து அவருக்கு இன்னொன்றும் தர வேண்டும்: காலையில் முக்கால் மணி நேரம். ஆறு மணிக்குக் குக்கரும் டிபன் டப்பாவும் அவர் ஒருவர் தலையிலேயே இருந்தால், எந்தக் கம்பெனி ஷூவும் அவரை வாசல் தாண்ட வைக்காது. வாரத்தில் மூன்று நாள் காப்பியும் டிபன் டப்பாவும் மற்றவர் பொறுப்பு என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

வயதாகிவிட்டதே என்று தயங்குகிறவர்களுக்கு ஃபௌஜா சிங்கைச் சொல்வேன். இளமையில் ஓடி, பிறகு விட்டு, மகனைப் பறிகொடுத்த துயரத்துக்குப் பின் முதுமையில் மறுபடி ஓட வந்தவர். 2000-ல் லண்டன் மாரத்தானில் ஓடியபோது அவருக்கு வயது 89 என்பார்கள். 2025-ல் சாலை விபத்தில் அவர் இறந்த செய்தி கேட்டு வருந்தாத ஓட்டக்காரர் இல்லை. நாம் 42 கிலோமீட்டர் ஓட வேண்டாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காமல், பேரப்பிள்ளையின் பின்னால் ஓடினால் முழங்கால் பிடிக்காமல் இருந்தால் போதாதா?

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடுகிற நாம், மாதத்தில் ஒரு ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கூடக் கூடாதா? மாடுங்காக்காரர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ், தாதரில் சிவாஜி பார்க், செம்பூரில் டயமண்ட் கார்டன், போரிவலியில் நேஷனல் பார்க். நடக்கிறவர்கள் நடக்கட்டும், ஓடுகிறவர்கள் ஓடட்டும், பேசிக்கொண்டே ஓடட்டும். பிறகு இட்லி காப்பி. போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம், தலைமையுரை கட்டாயம் வேண்டாம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன். தம்பதியாக வருகிறவர்களுக்கு முதல் வரிசையில் இடம் தரலாம்.